ஈரம் இறங்கிய கேபிள்

போன வாரம் எங்கள் வீட்டு டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. டிஷ்காரத் தம்பி வந்தார். மொட்டைமாடிக்கு ஏறிய வேகத்திலேயே கேபிள் நுனியைப் பல்லால் கடித்து உரித்தார், கனெக்டரைத் திருகினார், "முடிஞ்சுதுக்கா" என்றார். எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"மேல டேப் சுத்து தம்பி. மழைத்தண்ணி உள்ள இறங்கிரும்."

"சீரியல் பாக்கத்தானக்கா, ராக்கெட்டா விடப்போறீங்க?"

நியாயமான கேள்விதான். கீழே போய் டேப்பை எடுத்துவந்து நானே சுற்றினேன். போடியில் அன்று நல்ல வெயில். ஆனால் அந்த ரப்பர் டேப்பின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் குளிர ஆரம்பித்துவிட்டது. மூணாற்றுக்கு மேலே ஓர் அணையின் படகுத்துறையில், விரல் விறைக்க விறைக்க உட்கார்ந்து இதே வேலையைச் செய்திருக்கிறேன்.

ஐடிஐ முடித்துவிட்டு வந்த புதிது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு, மகள் கூடை தூக்காமல் ஒயர் தூக்குவதில் ஏகப் பெருமை. அந்தப் படகுத்துறையில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏறக்கூடாது" என்று ஒரு குரல் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி அலறுமே, அந்த அலறல் நிற்காமல் காப்பது. எப்போதும் டீசலும் வெந்த சோளமும் காயாத லைஃப் ஜாக்கெட்டும் கலந்த ஒரு வாடை. வீட்டுக்குப் போனாலும் தலைமுடியில் அது இருக்கும்.

அணைக்குள் அப்போது மொபைல் சிக்னல் கிடையாது. அதனால் துறையோடு பேசுவதற்குப் படகுகளில் ரேடியோ பொருத்தினார்கள். எர்ணாகுளத்திலிருந்து ஒரு கான்ட்ராக்ட்காரரின் ஆட்கள் வந்து ஒரே பகலில் எல்லாப் படகிலும் மாட்டிவிட்டு, மாலை போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் மழைக்கே செட்டுகள் கொரகொரக்கத் தொடங்கின. மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டு, "மோளே, ஒண்ணு நோக்கு" என்றார்.

ஒரு படகின் ஆன்டெனா கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஈயம் உருக்கிப் பற்றவைக்கவே இல்லை. கேபிளின் கம்பிவலையை மடித்துவிட்டு அப்படியே திருகியிருந்தார்கள். தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட உட்கார்ந்தேன். இந்த வேலையில் ஒரு கேலிக்கூத்து உண்டு. கனெக்டரின் வெளி வளையத்தை முதலிலேயே கேபிளில் கோத்துவிட வேண்டும். நான் எல்லாவற்றையும் உரித்து, வலையைச் சீவி, நடுக்கம்பியை முனையில் பற்றவைத்து, அழகு பார்க்கும்போதுதான் வளையம் என் மடியில் கிடப்பது தெரிந்தது. மறுபடி வெட்டி, முதலிலிருந்து. பக்கத்துப் படகைக் கழுவிக்கொண்டிருந்த முருகையா அண்ணன் சிரித்தே விட்டார். "வளையல மறந்துட்டுக் கல்யாணத்துக்குப் போன கதையால்ல இருக்கு பாப்பா!"

முருகையா அண்ணன் அங்கே பழைய டிரைவர். அவர் மனைவி ராக்கம்மாள் அக்கா என் அம்மாவோடு கொழுந்து எடுத்தவர். தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் லயத்துக்கு இரண்டு லயம் தள்ளி வீடு. பனி இறங்கினால்கூட தண்ணீருக்குள் எங்கே பட்டமரம் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு படகுகளைச் சரிசெய்து, மூன்றாவதாக அவர் படகில் கைவைக்கப் போனபோது மேனேஜர் தடுத்துவிட்டார். நாம் தொட்டால் வாரண்டி போய்விடுமாம், கான்ட்ராக்ட்காரரே வருவாராம். அண்ணன் தினமும் போய்ச் சொன்னார். "சார், நம்ம செட்டுல நான் பேசுறது யாருக்கும் கேக்க மாட்டேங்குது." பார்க்கலாம் என்று தினமும் ஒரே பதில்: "நோக்காம், நோக்காம்."

ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில் அவர் படகின் எஞ்சின் அணையின் மறுகரைப் பக்கம் நின்றுபோனது. படகு நிறையச் சுற்றுலாப் பயணிகள். திடீரென்று பனி மூடிவிட்டது. துறையிலிருந்த எங்களுக்குத் தண்ணீரே தெரியவில்லை. யானை காட்ட நிறுத்தியிருப்பார் என்று நினைத்தோம். அண்ணன் கயிற்றை எறிந்து ஒரு பட்டமரத்தில் படகைக் கட்டினார். தன் ஸ்வெட்டரைக் கழற்றி ஒரு பெண் குழந்தைக்குப் போர்த்திவிட்டார். பனி விலகி இன்னொரு படகு போய் இழுத்துவரும்வரை ரேடியோவில் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் வந்தவர்களில் ஒருவர் பெரிய இடம். கரையேறியதும் ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து மேலிடத்துக்குப் போன் போட்டார். விசாரணை வந்தது. குற்றம் என்ன தெரியுமா? ரேடியோ இருந்தும் டிரைவர் தகவல் சொல்லவில்லை.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கனெக்டரைக் கழற்றிக் காட்டினால் தீர்ந்தது, அதற்குள் இருக்கிற பச்சையே சாட்சி சொல்லிவிடும் என்று நம்பினேன். அண்ணனிடமும், "கவலப்படாதீங்கண்ணே, நாளைக்கு நான் அவுத்துக் காட்டுறேன்" என்று சொல்லியிருந்தேன்.

விசாரணை அதிகாரி படகில் ஏறி மைக்கை எடுத்தார். "ஹலோ, ஹலோ." துறையில் இருந்த செட்டில் அவர் குரல் மணி மாதிரி கேட்டது.

என்னால் நம்ப முடியவில்லை. ஏறிப்போய்ப் பார்த்தேன். புது கனெக்டர், புது டேப். முந்தின நாள் நான் வீட்டுக்குப் போன பிறகு யாரோ வந்து மாற்றியிருக்கிறார்கள்.

"சார், நேத்து வரைக்கும் இது இப்படி இல்ல. பாருங்க, கேபிள்ல பாசி பிடிச்சிருக்கு, டேப்புல தூசிகூட இல்ல" என்றேன்.

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தண்ணீரைப் பார்த்தார். "செட் ஓகே ஆணல்லோ" என்றார் அதிகாரி, செட் நன்றாகத்தானே இருக்கிறது என்று. அவ்வளவுதான். அண்ணன் மட்டும், "சார், நான் கூப்பிட்டேன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் அதற்குள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த சீசனுக்கு என்னையும் கூப்பிடவில்லை.

பிறகு மறையூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்றில் அவரைப் பார்த்தேன். கொப்பரையின் அடியில் கரும்புச் சக்கையைத் தள்ளி எரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சூடான வெல்லம் கொஞ்சம் இலையில் வைத்துக் கொடுத்துவிட்டு, ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்த மாதிரி கேட்டார்.

"ஏம் பாப்பா, அன்னைக்கு நான் அத்தன தடவ கூப்பிட்டனே, அந்தப் பேச்செல்லாம் எங்கதான் போச்சு?"

"வெளியவே போகலண்ணே. கேபிள் கெட்டிருந்தா ஆன்டெனாவுக்குப் போகாது. செட்டுக்கே திரும்பி வந்துரும். செட்டு சூடாகும், அவ்வளவுதான்."

அவர் இன்னொரு கை சக்கையை நெருப்புக்குள் தள்ளினார். "ஆமா, நல்லா சூடாத்தான் இருந்துச்சு. குளுரு தாங்காம அந்தப் பிள்ள அதுமேலதான் கைய வச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

வெல்லத்தை இலையோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த அணையில் மொபைல் டவர் வந்துவிட்டது. ரேடியோக்களையெல்லாம் கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்களாம். படகுகள் புதுசு, ஓட்டுகிற பையன்களும் புதுசு. முருகையா என்று கேட்டால், "ஏது முருகையா?" என்கிறார்கள். ராக்கம்மாள் அக்கா ரிட்டயர் ஆனதும் லயத்து வீட்டைத் தோட்டத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதில் இன்று ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. மூணாற்றிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேரும், தாத்தா காலத்தில் விட்டுவந்த சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்துக்கு, சொந்த ஊர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அண்ணன் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவரோடு போனில் பேசினேன். "ஊர்ல எல்லாரும் நல்லாப் பழகுறாங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"பழகுறாங்க பாப்பா. ஆனா நான் படகு ஓட்டுனவன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்றதில்ல" என்றார். "சொன்னா, அந்த வேலைய ஏன் விட்டீங்கன்னு கேப்பாங்கள்ல."