வலை மேல் உட்கார்ந்தவர்

ஜெபமாலை அக்கா இறந்த செய்தியை வள்ளிதான் போனில் சொன்னாள். காலை ஒன்பது மணி இருக்கும். மூன்று நாளாகக் கட்டிலில் குவிந்து கிடந்த துணிகளை மடிக்கலாமா, இன்னும் ஒரு நாள் கிடக்கட்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "ஜெபமாலை அக்கா தவறிட்டாங்கம்மா. விடிகாலைல. நாலு மணிக்கு எடுக்கறாங்க" என்றாள். "எந்த ஜெபமாலை?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே ஒரு ஜெபமாலைதான் உண்டு. வள்ளி கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க பக்கத்து வூட்டு அக்காம்மா" என்று பொறுமையாகச் சொன்னாள். துணிகளை அப்படியே விட்டுவிட்டு மீஞ்சூருக்கு ரயில் ஏறினேன்.

இரண்டு வருடமாகச் சர்க்கரை அவருடைய சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தது. எதிர்பார்த்த சாவுதான். அப்படிச் சொல்லிக்கொண்டதால் ரயிலில் அழுகை ஒன்றும் குறையவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் போடுகிறோம், இரண்டு பக்கம் எழுதிக்கொடுங்கள் என்று அவர் மகள் மெர்சி கேட்டாள். இதைப் படிக்கப்போகிறவர்கள் இரண்டு தரப்பு. ஒன்று, அக்காவின் ஊரான தோணிரேவுக்காரர்கள். மற்றது, தொலைக்காட்சியில் அவரோடு வேலை பார்த்த நாங்கள். ஒரு தரப்புக்குத் தெரிந்தது இன்னொரு தரப்புக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்களுடையது வீட்டை ஒழுங்குபடுத்தும் நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். கலைந்து கிடக்கும் ஒரு வீட்டுக்குள் படையாகப் புகுவோம். வீட்டாரை இரண்டு நாள் வேறெங்காவது தங்கவைத்துவிட்டு, வேண்டாததைக் கழித்து, சுவருக்குப் பெயின்ட் அடித்து, புது பீரோ வைப்போம். கடைசியில் அவர்களைக் கண்ணை மூடிக் கூட்டிவந்து திறக்கச் சொன்னால் அழுவார்கள். அழாவிட்டால் இன்னொரு முறை மூடித் திறக்கச் சொல்வோம். அதற்கு எழுதிக்கொடுப்பது என் வேலை. ஆறு வருடம் எழுதினேன். இப்போது யாராவது கண்ணீர் விட்டால் முதலில் கேமரா எங்கே என்றுதான் என் கண் தேடுகிறது.

அக்கா மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். யாரோ சொல்லி எங்களிடம் வந்தார். சம்பளப் பட்டியலில் அவருக்கு 'உதவி' என்று பெயர். உண்மையில் ஒரு வீட்டில் எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று பிரித்ததெல்லாம் அவர்தான். தொகுப்பாளினி ஏப்ரன் கட்டிக்கொண்டு அதையே திருப்பிச் சொல்வாள். ஒரு பழைய சேலையை மடித்துப் பெட்டியில் வைக்கும் கைகள் குளோசப்பில் வருமே, அவை அக்காவின் கைகள். தொகுப்பாளினிக்கு மடிக்க வராது.

ஓய்வுபெற்ற ஒரு வங்கிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடம் முழுக்கப் பழைய செய்தித்தாள். எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார் அவர். நாங்கள் கட்டுக்கட்டாக எடுக்கும்போது, ஒரு கட்டை மட்டும் நாற்காலிக்குப் பின்னால் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். அக்கா அந்தக் கட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். அவருடைய மனைவி இறந்த வாரத்துத் தாள்கள் அவை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வேணாம்னு சொல்ற வாய பாக்காத கண்ணு. ஒடம்பு இன்னா பண்ணுதுனு பாரு" என்றார். அதையும் தொகுப்பாளினிக்கு வசனமாக எழுதி நான் பாராட்டு வாங்கினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஆட்கள் கோபித்தாலும் பரவாயில்லை. 'முன்', 'பின்' என்று இரண்டு படம் காட்டுவோமே, அதில் 'முன்' படத்துக்கு நாங்களே இன்னும் கொஞ்சம் கலைப்போம். சமையல் மேடையில் எச்சில் தட்டுகளைப் பரப்புவோம். அக்கா அதற்கு மட்டும் கை வைக்கமாட்டார். "அந்தப் பொம்பள ராவெல்லாம் தேச்சி வச்சிருக்குது. கலைக்கிறதுக்கு வேற ஆள பாரு சார்" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நிற்பார். இயக்குநருக்கு அவர்மேல் அப்போதிருந்தே ஒரு கடுப்பு.

பிறகு பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு வீடு வேண்டும் என்றார் இயக்குநர். தோணிரேவில் தன் பக்கத்து வீட்டு வள்ளி பீரோ இல்லாமல் அவதிப்படுகிறாள் என்று அக்காவே சொன்னார். வள்ளி, அவள் கணவர் ஏழுமலை, இரண்டு பெண் பிள்ளைகள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு. அறையில் பாதியை ஒரு சுத்து வலை அடைத்திருந்தது. வெளியே போட்டால் எலி கடித்துவிடும் என்பதால் உள்ளே வைத்திருந்தார்கள். கறுத்துப்போய், சேறும் மீனும் கலந்த வாடை அடித்தது.

எங்கள் கலை இயக்குநர் சென்னையிலிருந்து ஒரு வலை வாங்கி வந்திருந்தார். புது நீல நைலான், அங்கங்கே பிளாஸ்டிக் நட்சத்திர மீன். வீட்டுக்குக் 'கடல் தீம்'. நிஜ வலையை வெளியே எறிந்துவிட்டுப் பொய் வலையைச் சுவரில் மாட்டும் திட்டத்தை நாங்கள் பத்துப் பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே போட்டோம். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"இது இன்னும் தேவையா சார்?" என்று தொகுப்பாளினி கேட்டாள். நாங்கள் கொடுத்த புதுச் சட்டையில், லைட் வெளிச்சத்தில், வாசலில் ஊரே எட்டிப் பார்க்க, ஏழுமலை வியர்த்துக்கொண்டு நின்றார். வீடு தேடி வந்தவர்கள் கேட்டால் அந்த ஊரில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். "எடுத்துக்கோங்க மேடம்" என்றார். ஆட்கள் வலையைத் தூக்கியபோது அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை வந்தார். அதையும் படம் பிடித்தோம். பிறகு குடும்பத்தைப் பழவேற்காட்டில் ஒரு விடுதிக்கு அனுப்பிவிட்டோம்.

அந்த ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். முறை வந்த அன்றைக்கு வலை இல்லாவிட்டால், சுற்று முடிந்து மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஏழுமலையின் பாடு அந்தச் செவ்வாய்க்கிழமை. நாங்கள் போனது ஞாயிறு.

லாரி சந்துக்குள் வராது என்று மெயின் ரோட்டில் நின்றது. ஊர் ஜனம் மொத்தமும் தொகுப்பாளினியைப் பார்க்க வீட்டு வாசலில் கூடியிருந்தது. லாரியில் வலை கிடப்பதைப் பார்த்துவிட்டு அக்கா இயக்குநரிடம் வந்தார். "சார், அத்த எறக்கிடுங்க. நாளான்னிக்கு அவங்க பாடு."

"அவரே குடுத்துட்டாரேம்மா."

"நீங்க கேட்டீங்க, குடுத்தாரு. அவரு வேற இன்னா சொல்லுவாரு?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். வலை திரும்பி வந்தால் அறை காலியாகாது, காலியாகாவிட்டால் கடைசிக் காட்சி இல்லை. அக்காவும் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இயக்குநர் கேட்டிருப்பார், என் எழுத்தை நம்பித்தான் அவர் பிழைப்பு ஓடியது. நான், "வாய்ஸ் ஓவர் கொஞ்சம் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய் வேனில் உட்கார்ந்து ஏ.சி.யைப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு எனக்குத் தலைவலி என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தலைவலி இல்லை. சண்டை போட அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஐம்பது வயதில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டயரில் கால் வைத்து அக்கா லாரியில் ஏறினார். வலை மேல் உட்கார்ந்துகொண்டார். கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. டிரைவர் கெஞ்சினார். "நீ வண்டிய எடு, நானும் வரேன்" என்றார். ஒன்றரை மணி நேரம் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் போய்விடும் என்ற பயத்தில் இயக்குநர் வலையை இறக்கச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயில் சுற்றி வைத்தோம். கடைசிக் காட்சியில் வள்ளி நன்றாகவே அழுதாள்.

செவ்வாய்க்கிழமை ஏழுமலை வலை கட்டினார். "எறா நல்லா பட்டுச்சாம் கண்ணு" என்று அக்கா போனில் சொன்னார். அடுத்த மாத வேலைப் பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, கூப்பிடவும் இல்லை. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்து அனுப்பியது நான்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் மனது உறுத்த, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தோணிரேவுக்குப் போவேன். போகும்போதெல்லாம் வள்ளி நண்டு சமைப்பாள். ஏழுமலை பெரிய கொடுக்காகப் பார்த்து உடைத்து என் தட்டில் வைப்பார். விருந்தாளிக்குச் செய்கிறார்கள் என்று ஐந்து வருடம் நினைத்துக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டேன்.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பினோம். ஏழுமலை எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அங்கிருந்த பெரியவர்களிடம், "இந்தம்மாதான் அன்னிக்கி நம்ம வலைக்காக டைரக்டரோட சண்ட போட்டவங்க. லாரி மேல ஏறி குந்திக்கினாங்களாம். அக்காதான் சொன்னாங்க" என்றார். நான் வள்ளியைப் பார்த்தேன். "அக்கா எத்தினி தபா சொல்லியிருக்காங்க தெரியுமா? அப்புறம் முட்டி வலினு அவங்களே வேலைய வுட்டுட்டாங்க, பாவம்" என்றாள். ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. அங்கேயும் பேசவில்லை.

அக்கா ஏன் அப்படிச் சொன்னார் என்று இத்தனை நாளில் யோசித்துவிட்டேன். தங்களால்தான் வேலை போனது என்று தெரிந்தால், அடுத்தடுத்து இருக்கும் வாசலில் தினமும் ஏழுமலை தலை குனிந்து நடக்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான் என்னை லாரியில் ஏற்றிவிட்டார். அவருடைய ஏற்பாட்டை நான் கலைக்கக் கூடாதுதான். ஆனால் அந்த நாற்காலியில் இன்னொரு முறை உட்கார என்னால் முடியாது.

ஏழுமலை, வள்ளி, லாரியில் ஏறியது நான் இல்லை. உங்கள் ஜெபமாலை அக்காதான். முட்டி வலியால் அவர் வேலையை விடவில்லை. நான் வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கும்பிட வேண்டியது யாரையோ, அவர் இப்போது மண்ணுக்குள் இருக்கிறார்.

என் முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் நிறையப் பேர். என் தொழில் அப்படி. நல்லதாகப் பேசியவர் எனக்குத் தெரிந்து அக்கா ஒருவர்தான், அதுவும் நான் எப்படிப்பட்டவள் என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு. அவர் எனக்கு வாங்கிக்கொடுத்த நல்ல பெயரை உங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் அப்படிப் பேசினார் என்பதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.