வராத ரத்தத்துக்கு ஒரு சடங்கு

கோவில்பட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நடந்துகொண்டே இருந்தேன். அடிவயிற்றில் கல்லை வைத்துக் கட்டியதுபோல் ஒரு கனம். மறுநாள் காலையில் எனக்குக் குடல்வாலை எடுக்கப்போகிறார்கள். டாக்டர் எதை நம்பி அந்த முடிவுக்கு வந்தாரோ அது பொய் என்று எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

பொய் இதுதான். தொண்ணூறுகளின் நடுவில், நாகலாபுரம் பக்கத்துக் கரிசல் கிராமத்தில், பதினாறு வயதாகியும் நான் பெரிய மனுஷி ஆகவில்லை. தங்கை ஆகிவிட்டாள். இளையவள் தீட்டுக்குக் கட்டிய ஓலைக் குச்சிலுக்குள் இருக்க, மூத்தவள் மிளகாய் பறிக்கப் போனால் தெரு சும்மா இருக்குமா? அம்மா யோசிக்கவே இல்லை. "ரெண்டும் ஒரே வாரத்துல உக்காந்துட்டாளுக" என்று சொல்லி என்னையும் குச்சிலுக்குள் தள்ளிவிட்டாள். மாமா பாவம், இரண்டு பட்டுச்சேலை கொண்டுவந்தார். மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அதற்குப் பிறகு மாதாமாதம் வலி மட்டும் வந்தது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை. சூட்டு வலி என்று அம்மா விளக்கெண்ணெய் ஊற்றினாள். வலி போனால் அடுத்தது எப்போது என்ற நினைப்புதான். நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட்டதில்லை. வயிறு மேடிட்டதும் தெருவில் வேறு மாதிரிப் பேச ஆரம்பித்தார்கள். நல்ல கூத்து! சடங்கு வைத்ததால்தானே அந்தப் பேச்சுக்கே வழி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கும் அம்மா கூசாமல் சொன்னாள்: "அதெல்லாம் மாசாமாசம் டாண்ணு வருது, சார்."

சாயங்காலம் ஒரு பெண் டாக்டர் பார்க்க வந்தார். "கடைசியா எப்போம்மா தலைக்குக் குளிச்ச?" அம்மா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"ஒருக்கக்கூட வந்ததில்ல டாக்டர். அம்மா பொய் சொல்லுது."

"ஏட்டி, வாய மூடுட்டி!"

"நீ மூடும்மா. நாளைக்கு அறுக்கப்போறது என் வயித்த."

டாக்டர் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பரிசோதித்தார். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு அம்மாவையும் கூப்பிட்டு, தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"தாய் வயித்துல இருக்கும்போதே ரெண்டு குழாய் வளர்ந்து, கீழ ஒண்ணாச் சேர்ந்துதான் கருப்பை ஆகுது. அதுக்குக் கீழ யோனிக்குழல். அதோட வாசல்ல ஒரு சவ்வு இருக்கும். பிறக்கிறதுக்குள்ள அது தானாத் திறக்கும். இவளுக்குத் திறக்கல. மாசாமாசம் வந்த ரத்தமெல்லாம் உள்ளயே தேங்கி நிக்குது."

கன்னிச்சவ்வு அடைப்பு (வாசலை முழுக்க மூடிய சவ்வு) என்று அதற்குப் பெயர்.

"பிள்ள பெறுவாளா, டாக்டரம்மா?" அம்மா கேட்டாள்.

"பெறுவா. எல்லா உறுப்பும் நல்லா இருக்கு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

குடல்வால் தப்பித்தது. சவ்வில் சின்னதாக ஒரு கீறல், அவ்வளவுதான் சிகிச்சை. கறுத்துக் கெட்டியான பழைய ரத்தம் வடிந்து தீர்ந்தது. இதைப் படிக்கும் பெண்ணே, டாக்டர் கேட்டால் நீயே பதில் சொல். உடம்பு உன்னுடையது.

அடுத்த மாதம் நாள் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரத்தம் வந்தது. வலி இதோ வரும், இதோ வரும் என்று முழங்காலைக் கட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை காத்திருந்தேன். வரவில்லை. இனி வலிக்குப் பயப்படாமல் மாதம் முழுக்க எனக்குத்தான் என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா ஓடி வந்தாள். "ரொம்ப வலிக்குதாட்டி?"

"வலிக்கலம்மா."

நான் பொய் சொல்கிறேனோ என்று என் முகத்தையே பார்த்தாள். வயிற்றில் கை வைத்து அமுக்கிப் பார்த்தாள். பிறகு அவளும் அழுதாள்.