சொல்லாமல் விட்ட உப்புத் தண்ணீர்

நாகலூர் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்த கலாவதி, டிப்ளமோ முடித்த கையோடு மலையடிவாரத்துக்குப் பக்கத்திலிருந்த பொறியியல் கல்லூரியில் லேப் உதவியாளராகச் சேர்ந்தாள். பதினாறு வருஷமாக முதல் பஸ்ஸில் மலையிறங்குகிறாள். எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும் என்று பேராசிரியர் ஜெயபிரகாஷைவிட அவளுக்குத்தான் தெரியும்.

போன வருஷம் அவர் உலோகக் கண்ணாடித் தகடுகள் நான்கு வரவழைத்தார். பேர்தான் கண்ணாடி, பார்வைக்கு நிக்கல் தகடு. உள்ளே அணுக்கள் ஒழுங்கில்லாமல், கண்ணாடியில் இருப்பதுபோல் உறைந்திருக்கும். சூடு பட்டால் அந்தக் குணம் கெட்டுவிடும். அதனால் அதில் வாய்க்கால் வெட்ட, நீர்த்த அமிலத்தில் தகட்டை அமிழ்த்தி, முடியைவிட மெல்லிய டங்ஸ்டன் கம்பியை அதில் படாமல் நிறுத்தி, மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்க வேண்டும். கம்பிக்கு நேரே உள்ள உலோகம் மட்டும் கரைந்து நுண்ணிய வாய்க்கால் விழும்.

ஐந்து மாதம் கலாவதி முயன்றாள். இரண்டு தகடுகள் போயின. வாய்க்கால் அகன்றுகொண்டே போனது.

பிறகு அதே மலையிலுள்ள கரடியூரிலிருந்து புவனா ஆராய்ச்சி மாணவியாக வந்தாள். வயது இருபத்து நான்கு. மின்துடிப்பின் நேரத்தைச் சுருக்கினாள், குமிழ்கள் தங்காதபடி, கலாவதி முனை கூராக்கித் தந்த கம்பியை லேசாக அதிரவிட்டாள். மூன்றாவது வாரமே நூல் பிடித்தாற்போல் ஒரு வாய்க்கால். ஜெயபிரகாஷ் எல்லோரையும் கூப்பிட்டு நுண்ணோக்கித் திரையில் காட்டினார்.

“இத்தன வருஷத்துல இந்த லேப்ல இப்படி ஒண்ணு விழுந்ததில்ல” என்றார்.

அந்தப் பேச்சு கலாவதிக்குள் முள்ளாக நின்றுவிட்டது. புவனாவின் அப்பாவுக்குச் சொந்தமாகக் காப்பித் தோட்டம் உண்டு. கலாவதியின் அம்மா ஊரார் தோட்டத்தில் பழம் பறித்தே விரல் காய்த்தவள். பஸ்ஸில் கலாவதிக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைக்கும் புவனாவின் நல்ல குணம்கூட அவளுக்குப் பிடிக்காமல் போனது. உட்கார்ந்ததும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வாள்.

கடைசித் தகடு மட்டும் மிச்சம். அன்று காலை அமிலம் ஊற்றப் புவனா ஒரு பீக்கரை எடுத்தாள். முந்தின நாள் வேறொரு மாணவன் அதில் உப்புத் தண்ணீர் வைத்திருந்ததும், ஒப்புக்கு ஒரு தரம் அலசியதும் கலாவதிக்குத் தெரியும். துளி உப்பு கலந்தாலும் உலோகத்தைக் குழி குழியாக அரித்துவிடும். சொல்லிவிட வாயைத் திறந்தாள்.

“ஏனுங்கக்கா, ஏதாச்சுங்களா?”

“ஒண்ணுமில்ல கண்ணு, நீ பாரு.”

மதியம் திரையில் தெரிந்த வாய்க்காலின் ஓரமெல்லாம் அம்மைத் தழும்பு. “இதுதான் கடைசின்னு தெரியுமில்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஜெயபிரகாஷ் வெளியே போனார். கலாவதிக்குச் சந்தோஷம் வந்தது. ஒரு டீ குடித்து முடிக்கும் வரைதான் இருந்தது.

சாயங்கால பஸ்ஸில் புவனா அழுதாள். “நொம்ப அவசரப்பட்டுட்டேனுங்கக்கா. உங்களக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கோணும்.”

கலாவதியால் அதைத் தாங்க முடியவில்லை. “அந்த பீக்கர்ல நேத்து உப்புத் தண்ணி இருந்துச்சு. நீ எடுக்கறப்பப் பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

“சொல்லலீங்களே?”

“சொல்லல.”

“ஏனுங்க?”

“உனக்கு வந்தது எனக்கு வரல. அந்த வயித்தெரிச்சல்தான்.”

புவனா எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கலாவதி தானே ஜெயபிரகாஷிடமும் சொன்னாள். அவர் அவளை வேறு லேபுக்கு மாற்றினார். புவனா பேச்சை நிறுத்திக்கொண்டாள். நான்கு மாதம் கழித்துப் புதுத் தகடுகள் வந்தபோது அவளே கலாவதியைத் தேடி வந்தாள்.

“மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க. கம்பி முனையக் கூராக்க எனக்கு வரமாட்டேங்குது. உங்க கைக்குத்தான் அது வரும். சார்கிட்டக் கேட்டுட்டேன்.”

கலாவதி போனாள். அவள் கூராக்கிய கம்பியால் புவனா ஒன்பது வாய்க்கால்களை அடுத்தடுத்து இறக்கினாள். ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் புவனாவுடையது. கலாவதிக்கு நன்றி என்று கடைசியில் ஒரு வரி. அதைப் படித்ததும் அவள் முகம் மாறியதைப் புவனா கவனித்தாள்.

“அந்த வயித்தெரிச்சல் இன்னும் இருக்குதுங்களா?”

“இருக்குது” என்றாள் கலாவதி.

“அடுத்த தகட்டுல வாய்க்கால நீங்க போடுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்.”

மறுவாரம் கலாவதி போட்டாள். வாய்க்கால் நேராகத்தான் விழுந்தது. ஆனால் புவனாவுடையதைவிடக் கொஞ்சம் அகலம்.