மூன்று ஜன்னலிலும் கேட்டவர்

பாஸ்போர்ட்டை உறையிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை படித்தார். கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை. அயல்நாட்டு வண்டிப் பதிவு அலுவலகத்தின் முதல் ஜன்னலுக்குள் நீட்டப்போன நேரத்தில் கையைப் பின்னுக்கு இழுத்து இன்னொருமுறை. உள்ளே இருப்பது தம்முடைய படம்தானா என்பதில் அவருக்கு அப்போதும் முழு நிச்சயம் இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நீட்டிய கையை மடக்காமலேயே பக்கத்து மேசைக்காரியிடம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

சொந்த ஊரில் இவர் மருந்துக்கடைக்காரர். அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. அலமாரியிலிருந்து எடுக்கும்போது பெயரைப் படிக்க வேண்டும், எண்ணும்போது படிக்க வேண்டும், கொடுக்கும்போது படிக்க வேண்டும். படிக்கிற காலத்தில் எல்லாரும் மனப்பாடம் செய்வார்கள்; கடை வைத்ததும் மறந்துவிடுவார்கள். இவர் மறக்கவில்லை. அவர் கடையிலிருந்து இதுவரை ஒருவருக்கும் மாத்திரை மாறிப் போனதில்லை. அந்த மட்டில் கையெடுத்துக் கும்பிடத் தகுந்த மனிதர். சிக்கல் என்னவென்றால், அந்த விதி கடையோடு நிற்காமல் அவர் பின்னாலேயே வீடுவரைக்கும் வந்துவிட்டது. பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். வழி கேட்டால் மூன்று பேரிடம் கேட்டு, எந்தப் பக்கம் ஓட்டு அதிகமோ அந்தப் பக்கம் நடப்பார். தெருவில் அவருக்கு ‘மூணு தடவை’ என்றே பெயர். அவசரமில்லாத சாமான் வாங்கத்தான் மனைவி அவரைக் கடைக்கு அனுப்புவார்.

பயணத்துக்குப் பெட்டி கட்டியபோது கடையிலிருந்து ஒரு கட்டு மருந்து உறையும் எடுத்துக்கொண்டார். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள் அச்சடித்த வெள்ளைக் காகித உறை. ஒன்றில் பாஸ்போர்ட், ஒன்றில் ஓட்டுநர் உரிமம், ஒன்றில் சட்டைப் பித்தான். மேலே பெயர் எழுதிக் கட்டத்தில் டிக்கும் அடித்துவிடுவார். பாஸ்போர்ட்டுக்கு மூன்று வேளையும் டிக். பித்தானுக்கு இரவு மட்டும். தைக்க அப்போதுதான் நேரம் கிடைக்குமாம்.

இப்படிப்பட்ட மனிதர் அயல்நாட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிள் வாங்க ஏன் அலைய வேண்டும்? எல்லாம் மகளுக்காகத்தான். அங்கிருந்து இன்னும் மூன்று எல்லைகள் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸாக இருக்கிறாள். அவளைப் பார்க்க இவர் முன்பே இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் வீட்டுக்கே திரும்பியவர். முதல் தடவை, எந்த வாசலில் ஏற வேண்டும் என்று மூன்றாவது ஆளிடம் விசாரித்துக்கொண்டிருந்தபோது விமானம் போய்விட்டது. அடுத்த தடவை எல்லாச் சோதனையும் முடித்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, கடையில் இன்சுலின் வைத்திருக்கும் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று சந்தேகம் வந்தது. தம்பிக்கு மூன்று தடவை போன் செய்தார். ஓடுகிறது என்று தம்பி மூன்று தடவையும் சொன்னார். ஆனால் சொன்னது ஒரே ஆள்தானே? எழுந்து வந்துவிட்டார்.

மகள் இரண்டு தடவையும் விடுப்பு எடுத்து, வீட்டைத் துடைத்து, அப்பாவுக்கென்று ஒரு தலையணையும் வாங்கி வைத்துக் காத்திருந்தவள். அதற்குப் பிறகு அவள் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் அவர் நெஞ்சில் தைத்தது.

“வந்த பிறகு சொல்லுங்கப்பா. வர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க” என்றாள். “அம்மாகிட்ட போனைக் குடுங்க.”

அன்றிலிருந்து யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். விமானம் நேரமானால் கிளம்பிவிடுகிறது, பஸ்ஸும் அப்படித்தான். தாமே ஓட்டுகிற வண்டி மட்டும்தான் தாம் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கும். ஓட்டத் தெரியாதவரும் இல்லை. மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மழையிலும் வெயிலிலும் ஊர் ஊராக மோட்டார் சைக்கிளில் போனவர்தான். சொந்த நாட்டு வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோகத் தலைகீழாக நின்றாலும் அனுமதி கிடைக்காது, பக்கத்து நாடுவரை ரயில் இருக்கிறது, அங்கே போய் வாங்கிக்கொள் என்றார்கள். மூன்று பேர் சொன்னார்கள். மைத்துனர் கையைப் பிடித்து ரயிலில் ஏற்றி, அது நகரும்வரை பெட்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டுக் கடைசி நொடியில் குதித்தார்.

வந்து இறங்கிய நகரத்தின் பேச்சு அவருக்குப் பாதி புரியும். வேகமாகப் பேசினால் அந்தப் பாதியும் போய்விடும். ஒரு சலவைக்கடையின் மாடியில் அறை எடுத்தார். கீழே நாள் முழுக்க இயந்திரம் சுழல்வதால் மேலே கட்டில் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். பழைய வண்டிகள் விற்கும் கடை இரண்டு தெரு தள்ளி. அந்த வண்டிக்கடைக்காரர் எது கேட்டாலும் “ஒண்ணும் பிரச்னையே இல்ல” என்பார். பிரேக்கைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில், கழிப்பறை எங்கே என்று கேட்டாலும் அதே பதில்.

முதலில் ஒரு சிவப்பு வண்டி பிடித்திருந்தது. இன்ஜின் தேவலை என்றார் ஒரு மெக்கானிக். செயினை மாற்ற வேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாவது மெக்கானிக்கைத் தேடிப்பிடித்து அழைத்து வருவதற்குள், வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. மூன்றாமவர் குனிந்து அந்தக் கறையைப் பார்த்துவிட்டு, வண்டி ஒழுகுகிறது, வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் அமைந்தது ஒரு சாம்பல் நிற வண்டி. கொஞ்சம் கனம், ஹாரன் தொண்டை கட்டியவர் குரலில் பேசும், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தத் தடவை அதைச் சங்கிலி போட்டுக் கட்டிவைக்கச் சொல்லிவிட்டே மற்றவர்களிடம் கேட்கப் போனார்.

வெளிநாட்டுக்காரர் பெயரில் வண்டியைப் பதிவு செய்யலாமா? பாஸ்போர்ட் போதும் என்றார் வண்டிக்கடைக்காரர். உள்ளூர் முகவரி வேண்டும் என்றார் பக்கத்து டயர்கடைக்காரர். செய்யவே முடியாது என்றார் தெருமுனைப் போலீஸ்காரர். பெரும்பான்மை என்று ஒன்று இல்லாமல் போனது அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. சரி, அலுவலகத்திலேயே கேட்டுவிடுவோம் என்று போனார். அங்கே மூன்று ஜன்னல்கள்.

இங்கேதான் நம்மவர் கோட்டைவிட்டார். முதல் ஜன்னல் பெண் அவரிடமிருந்த காகிதங்களை வாங்கி, எதையோ வேகமாகச் சொல்லி, நகல் எடுத்து, முத்திரை குத்திக் கொடுத்தாள். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் இரண்டாவது ஜன்னலுக்குப் போய் அதையே கேட்டார். அங்கேயும் நகல், அங்கேயும் முத்திரை. மூன்றாவதிலும் அப்படியே. ஆகா, மூன்று பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே என்று மனம் குளிர்ந்து வெளியே வந்தார். போனில் மனைவியிடம்கூடச் சொன்னார், இந்த ஊர் ஒழுங்கான ஊர் என்று.

அடுத்த வாரம் போனபோது தலைமை எழுத்தர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒரே வண்டிக்கு, ஒரே ஆள் பெயரில், மூன்று விண்ணப்பங்கள். ஒவ்வொன்றும் மற்ற இரண்டால் நிறுத்தப்பட்டிருந்தது. ஒன்றை ரத்துசெய்ய வேண்டுமென்றால் மற்ற இரண்டும் முடிந்திருக்க வேண்டும். விஷயம் தலைமை அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் இவருடைய விசா காலாவதியாகிவிடும்.

“ஏங்க, எதுக்கு மூணு தடவை விண்ணப்பம் போட்டீங்க?”

“போடலைங்க. கேட்டேன்.”

எழுத்தர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுத்தரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவரில் யாருக்கு அதிகக் குழப்பம் என்று சொல்வது கஷ்டம். அறைக்குத் திரும்பியவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. மூன்றாவது தடவையும் வீட்டுக்கே திரும்புவதா? இந்தத் தடவை வருவதாக மகளிடம் சொல்லாதது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தார். அப்படி நினைத்ததே அவருக்குப் பொறுக்கவில்லை. பொழுது விடியும்வரை அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

காலையில் சலவைக்கடைக்காரம்மா படியேறி வந்தார். ஐம்பது வயது இருக்கும், இடுப்பில் ஒரு கொத்துச் சாவி, பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது. “நீங்க மேல நடந்தா கீழ என் தலையில நடக்கிற மாதிரி இருக்கு. எனக்குத் தூக்கமே இல்ல” என்றார். நடந்ததைக் கேட்டதும் அந்த அம்மாள் செலவிட்ட யோசனை, ஒரு சட்டைக் காலரை மடிக்கும் நேரம்தான். “என் பேர்ல வாங்குங்க. நீங்க கிளம்பினாத்தான் நான் தூங்க முடியும்.”

முடக்கம் இவர் பெயருக்குத்தானாம், வண்டிக்கு இல்லை; அது அந்த அம்மாளின் பெயருக்கு ஒரே நாளில் பதிவானது. ஒரே ஜன்னலில். இவரை வெளியே நிறுத்திவிட்டு அந்த அம்மாள் மட்டும் உள்ளே போய்வந்தார்.

வண்டியோடு இரண்டு சாவிகள் வந்தன. ஒன்றை இவரிடம் கொடுத்துவிட்டு மற்றதைத் தம் கொத்தில் கோத்துக்கொண்டார் சலவைக்கடைக்காரம்மா. “வண்டி என்னுது. ஒரு சாவி என்கிட்ட இருக்கட்டும்.” மருந்துக்கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உதவி செய்கிறாரா, வண்டியையே எடுத்துக்கொள்ளப் போகிறாரா? வண்டிக்கடைக்காரரிடம் கேட்டார், ஒண்ணும் பிரச்னையே இல்ல. டயர்கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது ஆளிடம் கேட்க அவருக்கே வெட்கமாக இருந்தது. தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து வண்டி நிற்கிறதா என்று பார்ப்பார். நிற்கும். பக்கத்தில் சலவைக்கடைக்காரம்மாவும் நின்று, ஈரத்துணியால் அதன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். அது அவருடைய பயத்தை இன்னும் கூட்டியது.

கிளம்புவதற்கு முன்பு எல்லையில் என்ன கேட்பார்கள் என்று விசாரித்தார். லாரி ஓட்டுநர் ஒருவர், சுங்க முகவர் ஒருவர், பழைய தெருமுனைப் போலீஸ்காரர். அந்த ஊருக்கு வந்த பிறகு முதல்முறையாக மூன்று பேரும் உண்மையாகவே ஒரே பதிலைச் சொன்னார்கள். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் சொந்தக்காரர் நேரில் வந்து நின்று சம்மதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வண்டி வெளியே போகாது.

எல்லை அரைநாள் தூரம். கடையைப் பூட்டிவிட்டு வாருங்கள் என்று ஒரு பெண்மணியிடம் எந்த முகத்தோடு கேட்பது? இஸ்திரி மேசைக்கு முன்னால் போய் நின்று கையைப் பிசைந்தார். வானிலையைப் பற்றி ஆரம்பித்தார், சாலை நிலவரத்துக்குப் போனார், திரும்பவும் வானிலைக்கு வந்தார். சலவைக்கடைக்காரம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்திவைத்தார். “என்னிக்குப் போகணும்? அதை மட்டும் சொல்லுங்க.”

புறப்பட்ட அன்று, வாடிக்கையாளர் யாரோ துவைக்கப் போட்டு வாங்க வராமலே விட்ட ஒரு நீளக் கோட்டை மாட்டிக்கொண்டு அந்த அம்மாள் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மோட்டார் சைக்கிளில் ஏறுவது அதுவே முதல் தடவையாம். மருந்துக்கடைக்காரர் பக்கவாட்டுத் தாங்கியை மூன்று தடவை காலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கிளப்பினார். கொஞ்ச தூரத்திலேயே பின்னாலிருந்து குரல் வந்தது. “சைக்கிள் எல்லாம் நம்மளத் தாண்டிப் போகுதே, அண்ணே.”

எல்லை அலுவலகத்தில் வரிசை நீண்டிருந்தது. அதிகாரி வண்டியைப் பார்த்தார், அதன் காகிதங்களைப் பார்த்தார், கோட்டுக்குள் முங்கியிருந்த அந்த அம்மாளைப் பார்த்தார்.

“வண்டி யாருது?”

“என்னுது.”

“அப்ப இவரு?”

“மாடியில குடியிருக்கிறவரு.”

“குடியிருக்கிறவருக்கு எதுக்கு உங்க வண்டி?”

“அவரு பொண்ணைப் பாக்கப் போறாரு.”

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. உரிமத்தைக் கேட்டார். மருந்துக்கடைக்காரர் பையைத் திறந்து உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேலே இருந்ததைப் படித்தார். பித்தான் உறையையும் படித்தார். பின்னால் லாரிக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சலவைக்கடைக்காரம்மா அவர் கையிலிருந்து மொத்தக் கட்டையும் பிடுங்கி அப்படியே ஜன்னலுக்குள் தள்ளினார். அதிகாரி உறைகளைப் பிரித்துப் பார்த்தார், டிக்குகளைப் பார்த்தார், இவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று அந்த அம்மாளிடம் மெதுவாகக் கேட்டார். இல்லை, நல்ல மனுஷன்தான் என்றார் அந்த அம்மாள். முத்திரை விழுந்தது.

தடுப்புக்கட்டைக்கு முன்னால் சலவைக்கடைக்காரம்மா நின்றார். இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து, நகத்தால் வளையத்தை நெம்பி நெம்பி, இரண்டாவது சாவியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். “ஒண்ணை எங்கயாவது தொலைச்சிட்டுப் பாதி வழியில நிப்பீங்கன்னுதான் வச்சிருந்தேன். எப்படியும் பொண்ணு வீடு போய்ச் சேரணும்.” இத்தனை நாள் இந்த அம்மாளைச் சந்தேகப்பட்டோமே என்று அவருக்கு முகம் சுருங்கிப்போனது. மூன்று தடவை நன்றி சொன்னார். முதல் தடவையே கேட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போகும் பஸ்ஸைப் பார்த்து அந்த அம்மாள் நடந்தார்.

தடுப்புக்கட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் போனதும் மருந்துக்கடைக்காரர் வண்டியை ஓரம்கட்டினார். போனை வெளியே எடுத்தார். மகளின் எண்வரை விரல் போனது. வந்த பிறகு சொல்லச் சொன்னவளாயிற்றே என்று, அழைக்காமல் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். மருந்து உறைக் கட்டிலிருந்து புதிதாக ஒன்றை உருவி, இரண்டாவது சாவியை அதற்குள் போட்டு மடித்தார். வண்டி டேங்கின்மேல் வைத்து, மேலே ‘பாப்பாவுக்கு’ என்று எழுதினார். பேனா பழக்கதோஷத்தில் கீழே கட்டங்களுக்கு இறங்கியது. காலை, மதியம், இரவு மூன்றின் மேலும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எதிலும் டிக் அடிக்காமல் பேனாவை மூடினார்.