கண்ணை மூடினால் வருகிறவன்

என் கணவரின் இடது கண்ணைப் பறித்தது ஒரு கொக்கி. சாக்கு மூட்டையைக் குத்தி இழுக்கிற, சுண்டுவிரல் கனத்தில் வளைந்த இரும்புக் கொக்கி. ஆரியசாலைக் கடைத்தெருவில் சுமடு, அதாவது மூட்டைச் சுமை, எடுக்கிற ஒவ்வொருவர் கையிலும் அது இருக்கும். நான் அந்தத் தெருவிலேயே பிறந்து அந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். அப்பாவுக்குப் பருப்புக் கடை, கணவருக்கு மிளகாய் வத்தல் மொத்தக் கடை. அன்றுவரை கொக்கியை ஒரு ஆயுதமாக நான் நினைத்ததே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு முறை உண்டு. லாரியில் வந்த மூட்டையை சுமட்டுச் சங்கத்து நீலச் சட்டைக்காரர்கள்தான் இறக்க வேண்டும். சரக்கு என்னுடையதாக இருக்கலாம், கடை என்னுடையதாக இருக்கலாம், மூட்டை கடைக்குள் வந்து அடுக்கில் உட்காரும்வரை நான் அதைத் தொடக் கூடாது. நல்லதோ கெட்டதோ, எல்லாரும் அதற்குப் பழகியவர்கள்தான். என் கணவரும் பழகியவர்தான். அன்றைக்கு மட்டும் அவசரப்பட்டுவிட்டார்.

மத்தியான நேரம். நீலச் சட்டைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. லாரியின் தார்ப்பாய் கிழிந்திருந்தது. வத்தலில் மழை பட்டால் பூசணம் பிடித்து மொத்தமும் குப்பைக்குத்தான். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியில் ஏறினார். கடை ஆட்களும் இவருமாக மூட்டைகளைத் தள்ளி இறக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சாப்பிடப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள்.

"எந்தா இது? ஞங்ஙள் சத்துபோயோ?" என்று முன்னால் வந்தவன் மலையாளத்தில் கத்தினான், நாங்கள் செத்தா போய்விட்டோம் என்று. நெட்டையான ஆள். எங்கள் கடைக்குப் பல வருடமாகச் சுமடு எடுத்தவன்.

"மழை ஒன்ன மாதிரி சோறு தின்னுட்டு நிதானமா வராதுடே" என்றார் இவர், லாரியிலிருந்து குதித்துக்கொண்டே.

பேச்சு ஏறியது. சட்டையைப் பிடித்தார்கள். யார் முதலில் தள்ளியது என்பதில் இன்றுவரை தெருவில் இரண்டு கட்சி உண்டு. நான் கடை வாசலில் நின்றிருந்தேன். அந்த நெட்டையனின் கொக்கி மேலே போனதைப் பார்த்தேன். இறங்கியதைப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. சாக்கு கிழிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரல் இடுக்கு வழியாக ரத்தம் கொட்டி, கீழே சிதறிக் கிடந்த வத்தலை நனைத்தது. கையை எடுத்தபோது கண் இருந்த இடத்தில் கண் இல்லை.

நான் என்ன செய்தேன் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் பிறகு கேட்டேன். ஓடிப் போய் அவன் முழங்கைக்குக் கீழே கடித்தேனாம். விடவில்லையாம். இரண்டு பேர் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துத்தான் பிரித்தார்களாம். எனக்கு நினைவிருப்பது வாய்க்குள் அவனுடைய ரத்தம் உப்புக் கரித்தது மட்டும்தான். துப்பவும் தோன்றவில்லை.

போலீஸ் வந்தது, கேஸ் ஆனது, அவன் உள்ளே போனான், ஜாமீனில் வெளியே வந்தான். கேஸ் இன்னும் நடக்கிறது. அவன் அதே நீலச் சட்டையில், அதே தெருவில், அதே மாதிரி ஒரு கொக்கியோடு மறுபடி மூட்டை தூக்க வந்துவிட்டான். எங்கள் கடைப் படியை மட்டும் மிதிப்பதில்லை. எங்களுக்கு வருகிற சரக்கை அவன் கூட்டத்தில் மற்றவர்கள் இறக்குவார்கள். அவன் எதிர்க்கடை வாசலில் நின்று பீடி குடிப்பான். அவன் கையில் நான் கடித்த இடம் தழும்பாக இருந்தது. அது ஆறிவிட்டதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

இவரோ வேறு ஆளாக மாறிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில மாதங்கள் யாரோடும் பேசவில்லை. பிறகு கோட்டைக்குள் ஒரு வீட்டு மாடியில் தியானம் சொல்லித் தருகிறார்கள் என்று யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து தினமும் காலையில் வீட்டில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து ஒரு பலகையில் உட்கார்ந்துவிடுவார். எழுந்து வரும்போது முகம் கழுவின மாதிரி இருக்கும். முன்பெல்லாம் சாம்பாரில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். இப்போது உப்பே போடாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

மன்னித்துவிட்டார் என்று நான் முடிவு செய்தேன். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. கண்ணைப் பறிகொடுத்த மனுஷன் சாமியார் மாதிரி இருக்கிறார். இரண்டு கண்ணும் இருக்கிற நான் பைத்தியம் மாதிரி அலைகிறேன். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை உடைத்தேன். குக்கர் மூடியை வீசியதில் தரையில் ஒரு கல் பெயர்ந்தது. ஒருநாள் அவர் தியானத்தில் இருக்கும்போது பித்தளைச் செம்பை எடுத்து அவர் தலைக்குப் பக்கத்துச் சுவரில் எறிந்தேன். காரை உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. அவர் அசையவில்லை. அந்த அமைதியைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல இருந்தது.

"நீயும் ஒரு தடவ வந்து பாரு" என்றார். போனேன். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர்தான் அங்கே ஆசிரியர். குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரல். "அக்செப்ட் செய்யணும். உங்களுக்குத் துரோகம் செஞ்ச ஆளை மனசில் கொண்டு வாருங்கோ. அவரைச் சுற்றி ஒரு வெளிச்சம் நினைச்சுக்கோங்கோ" என்றார். நான் கண்ணை மூடினேன். அவன் வந்தான். வெளிச்சமும் வந்தது. அந்த வெளிச்சத்தில் அவனை எங்கே குத்தலாம் என்று நன்றாகத் தெரிந்தது. கழுத்து, வயிறு, இரண்டு கண். பக்கத்தில் ஒரு மாமி மெல்லச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பழவங்காடி கோயில் வரை வேகமாக நடந்தேன். பிள்ளையாருக்குத் தேங்காய் வாங்கி அவன் மண்டை என்று நினைத்துக் கல்லில் ஓங்கி அடித்தேன். சுக்குநூறாகப் போனது. இன்னொன்று வாங்கினேன். அதுதான் என் தியானம் என்று வீட்டுக்கு வந்து இவரிடமும் சொல்லிவிட்டேன்.

தேங்காய் எத்தனை உடைத்தாலும் போதவில்லை. அவன் கண்ணில் மிளகாய்ப் பொடியைப் போடுவது என்று தீர்மானித்தேன். வேறு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கடை முழுக்க மிளகாய், யோசிக்க என்ன இருக்கிறது? ஹோட்டல்களுக்காக அரைத்து வைத்திருக்கும் பொடி, விதையோடு அரைத்தது. கண்ணுக்குக் கண். அவன் எங்கள் படி ஏறட்டும் என்று காத்திருந்தேன்.

ஏறினான். அவன் கூட்டத்தில் பாதிப் பேர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாள். லாரி வந்து நின்றுவிட்டது. ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் அவனே தலையில் சும்மாட்டை வைத்து, எங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு கையும் மேலே மூட்டையைப் பிடித்திருந்தன. முகம் திறந்து கிடந்தது. இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. நான் கைப்பிடி நிறையப் பொடியை அள்ளி வாசலை மறித்து நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். என் கையையும் பார்த்தான். முகம் வெளுத்தது. ஆனால் நிற்கவில்லை. பாரத்தோடு வருகிறவனால் நிற்க முடியாது.

"வழி... வழி..." என்றான்.

நான் விலகினேன்.

இதை எப்படிச் சொன்னால் புரியும்? எங்கள் தெருவில் தலைச்சுமையோடு "வழி" என்று ஒருவன் குரல் கொடுத்தால் கார்க்காரனும் பிரேக் போடுவான், சாமி ஊர்வலமும் ஒதுங்கும். நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தக் குரலுக்கு ஒதுங்கி ஒதுங்கி வளர்ந்தவள் நான். மனசு பொடியை வீசு என்று சொல்வதற்குள் கால் தானாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவன் என்னைக் கடந்து உள்ளே போய் மூட்டையைப் போட்டான். எனக்கு என் காலை வெட்டிப் போட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அழுகை முட்டியது. அழுதேன். அழுதுகொண்டே இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

வத்தல் கடைக்காரர்கள் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டோம். கடையில் இருக்கும்போது முகம் அரித்தால் தோளில் தேய்ப்போம். கை மட்டும் கண்ணுக்குப் போகாது. அன்றைக்குப் போனது. பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகியது போல இருந்தது. கத்திக்கொண்டு தரையில் விழுந்தேன். ஒன்றும் தெரியவில்லை. யாரோ என் தலையைத் தூக்கினார்கள். முகத்தில் தண்ணீர் விழுந்தது.

"கண்ணு துறக்கு சேச்சி. வெள்ளம் ஒழிக்கட்டே. துறக்கு."

கண்ணைத் திற, தண்ணீர் ஊற்றுகிறேன் என்ற அந்தக் குரல் தெரிந்தது. அவன்தான். அவன் கை என் தலையில். நான் பிசாசு மாதிரி ஆகிவிட்டேன். கண் தெரியாமலே இரண்டு கையாலும் அவன் முகத்தில் அறைந்தேன், பிறாண்டினேன், விரல் போன இடமெல்லாம் குத்தினேன். என் கையில் இன்னும் பொடி இருந்தது. அவனும் அலறினான்.

பின்பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியிலிருந்து என் கணவர் ஓடி வந்திருக்கிறார். என் முடியைப் பிடித்தார், அவன் சட்டைக் காலரைப் பிடித்தார், இரண்டு பேரையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டுக் குழாயடியில் தள்ளினார். எங்கள் இருவர் தலையையும் ஒரே குழாய்க்குக் கீழே அமுக்கிப் பிடித்தார்.

"தொறடீ கண்ண! நீயும் தொறடா! ரெண்டு பேரும் சேந்து என் உயிர எடுக்குதியளா?" என்று கெட்ட வார்த்தை ஒன்றும் பாக்கி இல்லாமல் திட்டினார். கண் போன பிறகு அவர் வாயில் அதெல்லாம் வந்து நான் கேட்டதில்லை. என் கன்னத்துக்குப் பக்கத்தில் அவனுடைய மூச்சு புஸ் புஸ்ஸென்று அடித்தது. எங்கள் மூன்று பேருக்குமாக அப்போது பார்வை இருந்தது இவருடைய ஒரு கண்ணில்தான்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்துவிட்டான். வெளியே போய்த் தன் ஆட்களிடம் "பொடி பறந்நு வீணதா" என்று, பொடி தானாகப் பறந்து விழுந்ததுபோலச் சொல்லிவிட்டு மிச்ச மூட்டைகளை இறக்கினான். மன்னிப்பு அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில், கண்ணில் பால் நனைத்த துணியோடு படுத்திருந்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மாற்றிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என்ன, அவன மன்னிச்சிட்டு நிம்மதியா இருக்கீய" என்றேன். "நான்தான் கெடந்து சாவுதேன்."

அவர் கை நின்றது. "மன்னிச்சாச்சுன்னு ஆரு சொன்னா ஒங்கிட்ட?"

"பின்னே தெனமும் அங்க உக்காந்து என்ன செய்யுதீய?"

"அவனக் கொல்லுவேன்" என்றார்.

நான் துணியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மங்கலாகத்தான் தெரிந்தார். சிரிக்கவில்லை.

"கண்ண மூடினா ஒடனே வந்து நிப்பான். அந்தக் கொக்கியப் பிடுங்கி அவனையே குத்துவேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. வேர்த்துக் கொட்டும். மொதல்ல எல்லாம் பயந்து எந்திரிச்சிருவேன். நல்ல நெனப்பு வரலியேன்னு அந்த சார்கிட்டப் போய் அழுதேன். பின்னே விட்டுட்டேன். குத்துதது நான்தானே, நானே பாத்துக்கிட்டு இருப்போம்னு இருந்தேன். எந்திரிச்சுப் போகாம இருந்தா, கொஞ்சம் கழிச்சுத் தானா அடங்கும். அடங்கினதும் எந்திரிச்சு வருவேன். அம்புட்டுதான், கேட்டியா."

"இன்னைக்கு?"

"இன்னைக்குக் காலையிலயும் கொன்னேன். மத்தியானம் அவன் கண்ணக் கழுவி விட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ கொக்கிய எடுத்துட்டு வந்து கையில தந்திருப்பே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கண் மறுபடி எரிந்து தண்ணீராகக் கொட்டியது. அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. இத்தனை நாளும் எனக்கு அவன்மேல் இருந்த கோபத்தைவிட இவர்மேல் இருந்த கோபம்தான் அதிகம். கொக்கி இறங்கிய அந்த மத்தியானத்தில் என்னை மட்டும் தனியாக விட்டுவிட்டு இவர் எங்கோ நல்ல இடத்துக்குப் போய்விட்டார் என்று நினைத்திருந்தேன். இவர் எங்கும் போகவில்லை. தினமும் காலையில் அதே லாரிக்குப் பக்கத்தில்தான் போய் நின்றிருக்கிறார்.

மறுநாள் காலை அவருக்குப் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு நானும் உட்கார்ந்தேன். வெளிச்சம் எதையும் நினைத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடியதும் அவன் வந்தான். நான் கொக்கியை ஓங்கினேன். உடம்பெல்லாம் நடுங்கியது, பல் கிட்டியது, எழுந்து எதையாவது உடைக்க வேண்டும் என்று கால் பரபரத்தது. எழவில்லை. இப்படித்தான் இருக்கிறேன், இருந்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவருக்கும் மூச்சு இரைத்தது. கையை நீட்டித் தொட்டேன். அவர் கை என் கையைப் போலவே வேர்த்து நனைந்திருந்தது. இறுகப் பிடித்துக்கொண்டோம். அவன் செத்து விழும்வரை இருவரும் எழவில்லை.