சம்பந்தி கேட்ட ரெண்டு பாக்ஸ்

எங்க வூட்டுக்காரரு கண்ணாயிரம் நைனார்பாளையத்துல மைக்செட் வச்சிருக்காரு. சுத்துப்பட்டுல தேரு, கூத்து, காதுகுத்து, எழவு, எதுவானாலும் அவரு கட்டற குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். ஊரையே தூங்கவிடாம அடிக்கிற மனுசன், வூட்டுல மட்டும் வாயத் தொறக்கமாட்டாரு. சாப்பாடு நல்லாருக்குதான்னு கேட்டா தலையாட்டுவாரு. உப்பு கம்மியான்னு கேட்டாலும் தலையாட்டுவாரு. அம்சவள்ளிக்கு ஆத்திரம் ஜாஸ்தின்னு தெருவுல என்னப் பேசறவங்க, ஒரு மாசம் இந்த ஆளுகூட குடும்பம் பண்ணிப் பாக்கட்டும்.

எங்க ஊருப்பக்கம் குழாய் கட்டறதுல ஒரு நியாயம் இருக்குது. திருவிழான்னா தெருவுக்கு ஒரு குழாய் மூஞ்சி காட்டணும். எந்தத் தெருவ விட்டுட்டாலும் அந்தத் தெருக்காரங்க, 'நாங்க இன்னா வரி குடுக்கலியா'ன்னு வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு வந்துடுவாங்க. பாட்டு கேக்கறதுக்கு இல்ல. அங்க ஒருத்தனும் பாட்டு கேக்கறதில்ல. குழாய் நம்ம பக்கம் பாக்குதா, அவ்ளோதான் மரியாதை.

கள்ளக்குறிச்சியில ஆதிமூலம்னு ஒரு பெரிய மனுசன். கச்சிராயபாளையம் ரோட்டோரம் இருந்த கரும்புக் கொல்லைய அழிச்சி ஏசி கல்யாண மண்டபம் கட்டினாரு. ஸ்பீக்கர் பிளான் போட மெட்ராசுல இருந்து ஒரு இன்ஜினியர் வந்தாரு. கூரையில சின்னச் சின்னதா ஸ்பீக்கர் பதிச்சி, மெதுவா வச்சா, மேடையில சொல்றதும் கேக்கும், பக்கத்துல இருக்கறவங்க பேசறதும் கேக்கும்னாரு. "பக்கத்துல இருக்கறவன் பேசறதக் கேக்கவா ஒருத்தன் கல்யாணத்துக்கு வரான்? இது மண்டபங்க, ஆஸ்பத்திரி இல்ல"ன்னு ஆதிமூலம் அவர பஸ் ஏத்திட்டு, எங்க வூட்டுக்காரருக்குப் போன் போட்டாரு. வேலைய முடிச்சிக் குடுத்தா, மொத விசேஷமா எங்க பொண்ணு தனுஷாவோட நிச்சயதார்த்தத்த அங்க சும்மாவே வச்சிக்கலாம்னாரு. இவரு தலையாட்டினாரு.

அந்த நிச்சயத்துலதான் ஒரு சிக்கல். தனுஷா வெள்ளிமலை ஆஸ்பத்திரியில நர்ஸ். காலையில மலை பஸ் ஏறிப் போனா, சாயங்காலம் வருவா. பிரசவத்துக்கு வர மலைப் பொம்பளைங்க, 'தனுஷா நர்சம்மா இருக்குதா'ன்னு கேட்டுக்கினுதான் உள்ளயே வருவாங்களாம். அந்த வேலைன்னா அவளுக்கு உசுரு. மாப்பிள்ளை தமிழழகனுக்கும் சம்மதம்தான். ஆனா அப்பா மின்னாடி அந்தப் புள்ளைக்கு வாயில கொழுக்கட்டை. அப்பா யாருன்னா, எலவனாசூர்கோட்டை அன்புச்செல்வன். "எங்க வூட்டு மருமவ பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடக்கூடாது. கல்யாணத்தோட வேலைய நிறுத்திடணும்"னு ஆள் வுட்டுச் சொல்லிட்டாரு. பொண்ணு தலையணைய நனைச்சிக்கினு கெடந்தா.

"பெத்தவருதான நீங்க? சம்பந்திகிட்ட ஒரு வார்த்த கேளுங்க"ன்னேன். "நேரம் பாத்துக் கேக்கலாம்"னு சொல்லிட்டு இவரு ஏணிமேல ஏறிட்டாரு.

மண்டபத்துல இவரு போட்ட பிளான் எப்படின்னு கேளுங்க. திருவிழா பிளானேதான். மேடைக்கு, பந்திக்கு, சமையக்கட்டுக்கு, செருப்பு வுடற எடத்துக்கு, கை கழுவற எடத்துக்கு, ஆளுக்கொரு ஸ்பீக்கர் பாக்ஸ். யாரும் கோச்சிக்கக்கூடாதாம். வேலை நடக்கறப்ப அன்புச்செல்வன் ஒருநாள் மண்டபத்தப் பாக்க வந்தாரு. பொண்ணு வூட்டு சைடுல ஒரு தூண் மறைக்குதுன்னு இவரு அங்க பாக்ஸ் ஜாஸ்தியா மாட்டியிருந்தாரு. வந்தவரு அதத்தான் மொதல்ல பாத்தாரு.

"இன்னாங்க இது? பொண்ணு வூட்டுக்கு அத்தினி, எங்களுக்கு இத்தினியா? நாங்க இன்னா வழிப்போக்கங்களா?"

"உங்க பக்கம் சோபா கிட்டயே இருக்குதுங்க. இன்னும் வச்சா காதுலயே அடிக்கும்"னாரு இவரு.

"அடிக்கட்டும். சோபாவுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, பெருசா வைங்க."

வச்சிட்டாரு. சோபாவுல உக்காந்தா ரெண்டு காதையும் ரெண்டு பாக்ஸ் பாத்துக்கினு இருக்கும். எங்கூட வந்து எல்லாருக்கும் டீ கொண்டாந்த தனுஷா, அந்த பாக்ஸையே கொஞ்ச நேரம் பாத்துக்கினு நின்னா. டீ ஆறுதுடின்னு நான் வெரட்டினேன்.

நிச்சயத்தன்னிக்கு இவரு நாதஸ்வரம் போட்டு அதிர வச்சிட்டாரு. மைக்செட் ஊருங்கள்ல வளந்தவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதுர்ல ஒருத்தங்க வாய் அசைஞ்சா சிரிச்சிக்கினே தலையாட்டிடணும். இன்னான்னு திருப்பிக் கேட்டா, பெருசுக்குக் காது போச்சின்னு அங்கயே பேர் வச்சிடுவாங்க. அதனால அன்னிக்கு மண்டபமே தலையாட்டிக்கினு இருந்துச்சி.

தட்டு மாத்தறதுக்கு மின்னாடி தனுஷா சபைக்குக் கும்புடு போட வந்தா. நேரா, சோபாவுல அந்த ரெண்டு பாக்ஸுக்கு நடுவுல உக்காந்திருந்த அன்புச்செல்வன் மின்னாடி போய்க் கைகூப்பி நின்னா. தாம்பூலத் தட்டோட நான் அவளுக்குப் பக்கத்துல இருந்தேன். ரெண்டு வூட்டுப் பெரியவங்களும் எங்கள ஒட்டி நின்னுக்கினு இருந்தாங்க.

"மாமா, கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வெள்ளிமலைக்கு வேலைக்குப் போறேன். நீங்க சபையில சம்மதம் சொல்லணும்"னா.

அவரு பெருந்தன்மையா சிரிச்சாரு. தலைய ஆட்டினாரு. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை ஆட்டி, கையத் தூக்கி ஆசீர்வாதமும் பண்ணாரு.

நான் தூரத்துல ஆம்ப்ளிபயர் மேசையப் பாத்தேன். எங்க வூட்டுக்காரரு பொண்ணயே பாத்துக்கினு, சோபாகிட்ட இருக்கற அந்த ரெண்டு பாக்ஸுக்கு மட்டும் சவுண்ட ஏத்திக்கினு இருந்தாரு.

தட்டு மாத்தியாச்சி. பந்தியில, அவங்க வூட்டுப் பெரியவரு ஒருத்தரு அன்புச்செல்வன் தோளத் தட்டி, "மருமவ வேலைக்குப் போலாம்னு சபையிலயே ஒத்துக்கினியே, பெரிய மனசுப்பா உனக்கு"ன்னாரு. அவரு கையில இருந்த ஜாங்கிரி அப்பிடியே நின்னுச்சி. காதுல வுழலன்னு சொல்லணும்னா, சண்டை போட்டு வாங்கின பாக்ஸாலதான் காது அடைச்சிச்சின்னும் சொல்லணும். அதோட, தட்டு மாத்தற சபையில ஆட்டின தலைய எங்க ஊருப்பக்கம் வாபஸ் வாங்க முடியாது. எலையப் பாத்தாரு, பாக்ஸப் பாத்தாரு. "பின்ன இன்னா, பொம்பளப் புள்ளைங்க சொந்தக் கால்ல நிக்கணும்ல"ன்னு முழுங்கினாரு. இப்ப எலவனாசூர்கோட்டையில எந்த வூட்டு விசேஷத்துக்குப் போனாலும் பெண் முன்னேற்றத்தப் பத்தி அவருதான் பேசறாராம்.

எல்லாரும் போனப்புறம், ஒயரச் சுத்திக்கினு இருந்தவருகிட்டப் போயி, "தெரிஞ்சிதான ஏத்துனீங்க?"ன்னு கேட்டேன்.

வழக்கமா ஆட்டற தலைய அன்னிக்கு ஆட்டல. "எனக்குப் பேச வராது அம்சா. ஏத்தத்தான் தெரியும்"னாரு.

எனக்கு அழுகை வந்துடுச்சி. ஒயரோட இன்னொரு முனைய நான் புடிச்சிக்கினு நின்னேன். கல்யாணம் முடிஞ்சி, இன்னிக்குக் காலையிலயும் தனுஷா மலை பஸ்ஸுலதான் போனா.