ஹில்மருக்குக் குளிராது

மினசோட்டாவின் வடமேற்கு மூலையில், வில்மோர் ஏரிக்கரை ஊரில் போய் ஹில்மர் ஸ்டென்ரூட் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். "குளிராத ஹில்மர்" என்று கேட்டால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை, ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டு வந்ததில்லை. அதற்காகவெல்லாம் எந்த ஊரும் ஒரு மனுஷனைக் கொண்டாடியதாகச் சரித்திரம் இல்லை. வாத்து சுடுவதிலும் ஆள் படு சுமார். அவர் துப்பாக்கியைத் தூக்கினால் மச்சான் லேலண்டின் நாய் கொட்டாவி விட்டுப் படுத்துக்கொள்ளும். ஆகவே அந்தப் பட்டம் ஒன்றுதான் அவர் பெயரைச் சொல்ல இருந்தது.

பட்டம் வந்த கதை எளிது. நவம்பர் கடைசியில் ஏரியின் ஓரமெல்லாம் உறைந்து, நடுவில் மட்டும் தண்ணீர் திறந்து கிடக்கிற ஒரு வாரம் உண்டு. வடக்கேயிருந்து கொழுத்த வாத்துகள் அப்போதுதான் வந்து இறங்கும். அந்த வாரத்தின் சனிக்கிழமை, மூன்று பேர் நாணல் மறைப்புக்குள் ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார்கள். ஒருவர் ஹில்மர். இன்னொருவர் அவருடைய மனைவி வெர்னாவின் அண்ணன் லேலண்ட் நோர்டால், வயது அறுபத்தாறு. மூன்றாமவர் லூத்தரன் கோயில் போதகர் சோல்பெர்க். சட்டம் ஒன்றே ஒன்று. "குளிருது" என்ற வார்த்தையை யார் முதலில் சொல்கிறாரோ, அவரோடு அன்றைய வேட்டை முடிந்தது. எல்லாரும் கிளம்பலாம். சொன்னவர் அத்தனை வாத்துக்கும் இறகு பிடுங்க வேண்டும், வருஷம் முழுக்கக் காபிக் கடையில் கிண்டலையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இருபத்தாறு வருஷத்தில் ஹில்மர் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

பட்டத்தை வாங்குவதைவிடப் பராமரிப்பதுதான் பெரும்பாடு. ஜனவரியில் தபால் பெட்டிவரை வெறும் சட்டையோடு போய் வர வேண்டும். ஊரே கம்பளிக்குள் சுருண்டிருக்கும்போது காபிக் கடையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டும். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மேல்கோட்டின் முதல் பொத்தானைக் கழற்ற வேண்டும். ஒரு நடிகைகூட இத்தனை கவனமாகத் தன் பெயரைக் காப்பாற்றியிருக்க மாட்டாள். உண்மை என்ன என்பது வெர்னாவுக்குத்தான் தெரியும். வீட்டுக்குள் நுழைந்ததும் மனிதர் அடுப்பைக் கட்டிப் பிடிக்காத குறையாக நிற்பார்.

போன வருஷ வேட்டைக்குப் பிறகு அவருடைய இடது கால் விரல்கள் இரண்டு மெழுகு மாதிரி வெளுத்துப் போயின. டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வெட்டி எடுக்கறதுதான் வழி, ஹில்மர்" என்றார், முடி வெட்டுவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

வெர்னா காரில் ஏறுகிறவரை பொறுத்துக்கொண்டாள். ஏறியதும் ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்த பூட்ஸ் நம்ம கல்யாணத்து வருஷம் வாங்கினது. அதுக்குள்ள மூணு சாக்ஸத் திணிச்சுக்கிட்டுப் போறீங்க. ரத்தம் எந்த வழியா ஓடும்?"

"மூணு சாக்ஸ் போட்டா கதகதப்பு."

"கதகதப்பா? விரல் ரெண்டும் செத்த மீன் மாதிரி கெடக்கு. நல்லதா ஒண்ணு வாங்குங்க. இல்லைன்னா இந்த வருஷம் வாத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல."

வாங்கலாம்தான். ஆனால் குளிராத ஹில்மர் உள்ளூர்க் கடைக்குள் போய், குளிர் தாங்குகிற பூட்ஸ் கொடுங்கள் என்று கேட்டால் ஊர் தாங்குமா? நான்கு நாள் யோசித்து, எழுபது மைல் தள்ளி, தன்னை ஒரு ஈ காக்கைக்கும் தெரியாத ஊரில் ஒரு வேட்டைச் சாமான் கடையைக் கண்டுபிடித்தார். பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

கடையில் ஒரு சுவர் முழுக்க பூட்ஸ். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை. மைனஸ் இருபது தாங்கும், மைனஸ் நாற்பது தாங்கும், மைனஸ் எழுபது தாங்கும். இவர் எழுபதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கடைக்காரம்மாள் வந்தாள்.

"அண்ணே, நீங்க நடக்கிற ஆளா, உட்கார்ற ஆளா?"

"வாத்து வேட்டைம்மா."

"அப்ப உட்கார்ற ஆளு. அந்த எழுபதை எடுத்த எடத்துல வைங்க. அது விறுவிறுன்னு நடக்கிறவன் கால வெச்சு எழுதின நம்பர். வாளி மேல பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதுல பாதிகூட நிக்காது." இவர் காலைப் பார்த்தாள். "என்ன சைஸ் போடறீங்க?"

"பத்து."

"பதினொண்ணு போடுங்க. உள்ள விரல் ஆடணும். ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், அவ்வளவுதான். மூணு போட்டீங்கன்னா நீங்களே உங்க கால கழுத்த நெரிச்சுக் கொல்றீங்க."

இந்த அம்மாளுக்கும் வெர்னாவுக்கும் தொலைபேசித் தொடர்பு ஏதாவது இருக்குமோ என்று ஹில்மருக்குச் சந்தேகம் வந்தது. முழங்கால்வரை வருகிற, உள்ளே தடித்த நுரைரப்பரும், கழற்றிக் காயவைக்கிற கம்பளி உள்ளுறையும் வைத்த ஒரு ஜோடியை அவள் எடுத்துக் கொடுத்தாள். பனிக்கட்டியின் குளிர் அடிப்பாகம் வழியாகத்தான் ஏறும், பூட்ஸில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்பாகத்தைத்தான் என்றாள். மாட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார் இவர்.

"கடைக்குள்ள நின்னா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பின்னாடி மான் கறி வைக்கிற குளிர் அறை இருக்கு. வாளி போட்டிருக்கேன். போய் இருபது நிமிஷம் உட்கார்ந்துட்டு வந்து சொல்லுங்க. இப்பத்தான் ஒருத்தர உள்ள அனுப்பினேன், பேச்சுத் துணைக்கு ஆச்சு."

கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு ஹில்மர் உள்ளே போனார். தொங்குகிற மான் தொடைகளுக்கு நடுவில், கவிழ்த்த வாளியின் மேல், இதே மாதிரி பூட்ஸ் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு போதகர் சோல்பெர்க் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மான்களைப் பார்த்தார்கள்.

"பல் டாக்டரப் பார்க்க வந்தேன் ஐயா" என்றார் ஹில்மர்.

"நானும் ஒரு நோயாளியைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றார் போதகர். பிறகு உத்தியோகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "நோயாளி நான்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஹில்மரும் இன்னொரு வாளியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருபது நிமிஷம் ஆனது. விரல்கள் வெதுவெதுப்பாக ஆடிக்கொண்டிருந்தன. இருபத்தாறு வருஷமாக இது தெரியாமல் போயிற்றே என்று நொந்துகொண்டார்.

"லேலண்டுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

"கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்றார் போதகர். "ஆனா அவன் ஏன் கேக்கப் போறான்?"

இரண்டு பேரும் ஒரே மாதிரி இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு, தனித்தனிக் காரில் ஊர் திரும்பினார்கள். வீட்டுக்குப் பின்னால் வைத்து ஹில்மர் தன் பூட்ஸுக்குச் சேறு பூசினார். வெயிலில் போட்டார். சரளையில் தேய்த்தார். ஒரு பக்கம் கத்தியால் கீறிக்கூட விட்டார். புது மாப்பிள்ளைக்கு அலங்காரம் செய்வார்கள், இவர் புது பூட்ஸுக்கு அலங்கோலம் செய்தார். ஒரு வாரத்தில் அது கல்யாணத்து வருஷத்துப் பூட்ஸ் மாதிரியே ஆகிவிட்டது.

சனிக்கிழமை விடிந்தது. பொம்மை வாத்துகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். வடக்குக் காற்று நாணலை வகுந்துகொண்டு வந்தது. ஏழரை மணிக்கு முதல் கூட்டம் இறங்கியது, லேலண்ட் நான்கை வீழ்த்தினார். எட்டரைக்கு இன்னொரு கூட்டம். ஒன்பது மணிக்குள் பதினோரு வாத்து சேர்ந்துவிட்டது. அதில் ஹில்மர் பங்குக்கு ஒன்று. அதுவும் மூவரும் சேர்ந்து சுட்டதுதான் என்று லேலண்ட் சொல்லிவிட்டார்.

வழக்கமாக ஒன்பதுக்குள் போதகர் வாய் திறந்துவிடுவார். தவறினால் லேலண்ட். இன்றைக்கு ஒன்பதரை ஆகியும் சத்தமில்லை. போதகர் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிய லெஃப்சே ரொட்டியைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தார். ஹில்மருக்கும் சொர்க்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஏரியைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அவர் பார்த்ததெல்லாம் கடிகாரத்தை.

"என்ன ஐயா, இன்னிக்கு பரிசுத்த ஆவி உள்ளயே எறங்கிட்டாரா?" என்றார் லேலண்ட்.

"கர்த்தருடைய கிருபை" என்றார் போதகர். அது பொய்யில்லைதான்.

பத்து மணிக்கு லேலண்ட் பேச்சை நிறுத்தினார். லேலண்ட் பேச்சை நிறுத்துவது சாதாரண விஷயமில்லை. ஹில்மர் திரும்பிப் பார்த்தார். மச்சானின் உதடு நீலம் பாரித்திருந்தது. தாடை தானாக ஆடியது. கால் இரண்டும் பனிக்கட்டிமேல் கட்டை மாதிரி அசையாமல் இருந்தன. அவற்றில் இறுக்கமான பழைய ரப்பர் பூட்ஸ், மேல் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சாக்ஸ் எட்டிப் பார்த்தன.

"மச்சான், எதுக்கு மூணு சாக்ஸ்?"

"நீ மூணுதானடா போடுவே மாப்ளே? இருவத்தாறு வருஷமா பார்க்கறேன். உனக்கு அது சரின்னா எனக்கும் சரி." பல் தந்தியடித்தது. "இந்த வருஷம் நான் சொல்லமாட்டேன். ஐயாவே கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காரு. செத்தாலும் சொல்லமாட்டேன்."

ஹில்மர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். இரண்டு திருடர்கள் சூடாக உட்கார்ந்திருக்கிறோம், நடுவில் ஒரு யோக்கியன் எங்களைப் பார்த்து விறைத்துக்கொண்டிருக்கிறான். டாக்டர் சொன்ன சொல் இனி இந்தக் காலுக்குத்தான். கிளம்பலாம் என்று சும்மா சொன்னால் லேலண்ட் எழுந்திருக்கமாட்டார், அவர் ரத்தம் அப்படி. பூட்ஸ் விஷயத்தை உடைத்தாலோ, நீங்கள் ஏமாற்றினீர்கள், ஜெயித்தவன் நான்தான் என்று நிரூபிக்க இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவார். வழி ஒன்றுதான் இருந்தது.

அவர் போதகரைப் பார்த்தார். போதகர் வானத்தைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க சொல்லிடுங்களேன்" என்று லேலண்டின் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து முணுமுணுத்தார் ஹில்மர்.

"நான் எப்படிப்பா சொல்றது? எனக்குத்தான் குளிரலையே" என்று போதகர் திரும்ப முணுமுணுத்தார். "நான் பொய் சொல்லக்கூடாது. நீ சொன்னா கர்த்தர் புரிஞ்சுக்குவார்."

அங்கியைப் போட்டுக்கொண்டவனுக்கு எவ்வளவு வசதி என்று ஹில்மர் மனதுக்குள் வைதார். இருபத்தாறு வருஷம். குளிரில் செத்துச் செத்துப் பிழைத்த காலமெல்லாம் குளிரவில்லை என்று சாதித்தாயிற்று. இன்றைக்குக் கால் அடுப்படியில் இருக்கிற மாதிரி இருக்கிறது, இன்றைக்குப் போய்...

"குளிருது" என்றார்.

லேலண்டுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "என்ன சொன்னே?"

"குளிருது மச்சான். தாங்க முடியல. போயிரலாம்."

லேலண்ட் சிரித்தார். தாடை ஒத்துழைக்காததால் அது நாய் இருமுகிற மாதிரி வந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு தோளாகத் தூக்கிக்கொண்டு வண்டிக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியெல்லாம் அவர் ஹில்மரை, பொம்பளைப்பிள்ளை, பஞ்சு, பட்டுத்துணி என்று திட்டிக்கொண்டே போனார். நடக்க முடியாதவரைத் தோளில் சுமந்துகொண்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டு போவதற்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும்.

வெர்னாவின் சமையலறையில் லேலண்டின் கால் வெந்நீரும் தண்ணீரும் கலந்த தொட்டியில் இருந்தது. பத்து விரலும் வெள்ளை. வெர்னா முழங்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் எப்படியோ காபிக் கடைக்குப் போய், அங்கிருந்து ஐந்தாறு பேர் வந்து வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் காலடியில் உட்கார்ந்து ஹில்மர் இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார். போதகருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் தயார் செய்ய வேண்டியிருந்ததாம், போய்விட்டார்.

"மாப்ளே, அந்த வார்த்தைய இவங்களுக்கும் ஒரு தடவ சொல்லு" என்றார் லேலண்ட், ராஜா மாதிரி சாய்ந்துகொண்டு.

ஹில்மர் தலையைத் தூக்கினார். உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் ஒரு நொடியில் பட்டம் திரும்பிவிடும். அப்போது தொட்டிக்குள் வலது கால் கட்டைவிரல் லேசாகச் சிவந்தது. பிறகு பக்கத்து விரல். லேலண்ட் வலியில் முகத்தைச் சுளித்து, யாரும் பார்க்காதபடி தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"குளிருச்சு மச்சான்" என்றார் ஹில்மர், உரக்க. வாசலில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அடுத்த வருஷமும் என்னத் தோக்கடிக்க எவனும் இல்ல, பார்த்துக்க. நான் மத்தியானம் வரைக்கும் உட்காருவேன்" என்றார் லேலண்ட்.

எல்லாரும் போய், லேலண்டும் சோபாவில் தூங்கிப்போன பிறகு, வெர்னா ஒரு வாத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேட்டீங்கல்ல, மத்தியானம் வரைக்குமாம். இனிமே வருஷா வருஷம் நீங்கதான் மொதல்ல சொல்லணும். போய் உட்கார்ந்த ஒடனே சொல்லிருங்க."

"எத்தன வருஷத்துக்கு?"

"எங்கண்ணன் இருக்கிற வரைக்கும்."

வெர்னா குடும்பத்தில் தொண்ணூறுக்கு முன்னால் யாரும் போனதில்லை. ஹில்மருக்கு அழலாம் போலவும் இருந்தது, சிரிக்கலாம் போலவும் இருந்தது. சோபாவிலிருந்து வந்த குறட்டையைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"நூறு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாத்தை எடுத்தார்.